சோப்பு வாசம் வீசிய கம்ப்யூட்டர்

அம்மாவின் பெட்டி வந்து இறங்கியதும் வீட்டுக்குள் நடக்க இடமில்லாமல் போயிற்று.

பெட்டி என்றால் ஏதோ செருப்புப் பெட்டி என்று நினைத்துவிடாதீர்கள். பதினோரு வயது ஜிங்கி அதற்குள் உட்கார்ந்து மூடியைப் போட்டுக்கொண்டால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அம்மா மெர்லிந்தா தோஹாவில் ஒரு வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறார். அங்கே ஒவ்வொரு சாமானாக வாங்கிச் சேர்த்து, பெட்டி நிறைந்ததும் கப்பலில் ஏற்றி, சொந்த ஊரான இலோயிலோவுக்கு அனுப்பிவிடுவார்.

அம்மா கட்டிய பெட்டியில் ஒரு விரல்கூட நுழையாது. "காத்துக்கெல்லாம் யாரு கப்பல் கூலி குடுக்கறது?" என்பார். சட்டிக்குள் சாக்லேட் இருக்கும். காபி டப்பாவைச் சுற்றி பனியன் இருக்கும். போன தடவை அப்பா நெஸ்தர் ஆசையாகப் புது ஷூவில் காலை விட்டார். உள்ளே இருந்த டூத்பேஸ்ட் பிதுங்கி அவர் கால் விரல்களெல்லாம் புதினா வாசம் அடித்தது.

இந்தத் தடவை பெட்டியின் நடுவில், போர்வைகள் சூழ, ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது ஒரு கம்ப்யூட்டர்.

"வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று குதித்தான் ஜிங்கியின் அண்ணன் அர்னெல்.

அவன் குதிப்பதற்குக் காரணம் இருந்தது. அர்னெல் கட்டடம் வரையும் படிப்பில் கடைசி வருடம். திங்கட்கிழமை ஒரு வீட்டின் முழு வரைபடத்தைக் கல்லூரியில் கொடுக்க வேண்டும். திருவிழாவுக்காகக் கல்லூரிக் கம்ப்யூட்டர் அறையைப் பூட்டிவிட்டார்கள். பாதி வீடு அவனுடைய பென் டிரைவில் கூரை இல்லாமல் நின்றது. அதை முடித்துக் கொடுத்தால் ஜூனில் படிப்பு முடியும். படிப்பு முடிந்தால் அம்மா வேலையை விட்டு ஊருக்கு வந்துவிடுவார். முடிக்காவிட்டால் இன்னொரு வருடப் படிப்பு, அம்மாவுக்கு இன்னொரு வருடம் தோஹா.

இந்தக் கம்ப்யூட்டரை வாங்குவதற்காகத்தான் அம்மா கிறிஸ்துமஸுக்குக்கூட வரவில்லை. அன்றைக்கு ஜிங்கி குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். வெளியே வந்து, வெங்காயம் நறுக்கினேன் என்றாள். குளியலறையில் எதற்கு வெங்காயம் என்று நல்ல வேளையாக யாரும் கேட்கவில்லை.

பெட்டியைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா போனில் வந்தார். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. ஆனால் தெருவில் தினாக்யாங் திருவிழாவுக்காகப் பையன்கள் டமடமவென்று மேளம் பழகிக்கொண்டிருந்தார்கள். போனில் அம்மாவின் முகம் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்து நின்றது. குரல் கொர்கொர் என்று வந்தது.

"ஆமா, ஆமா!" என்று கத்தினார் அப்பா.

கொர்ர்ர் என்றது போன்.

"சரிம்மா, சரிம்மா!" என்று கத்தினான் அர்னெல்.

பிறகு அதுவும் நின்றுபோயிற்று.

"அம்மா என்னப்பா சொன்னாங்க?" என்று கேட்டாள் ஜிங்கி.

"யாருக்குத் தெரியும்? சாப்பிட்டீங்களான்னு கேட்டிருப்பா" என்றார் அப்பா.

அன்று மாலையே அப்பா தெருவெல்லாம் நடந்து அவரவர் பங்கைக் கொடுத்துவிட்டு வந்தார். அம்மா ஒவ்வொரு பொட்டலத்திலும் பெயர் எழுதி ஒட்டியிருந்தார். இன்னொருவர் பெயர் இருக்கும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பதெல்லாம் மரியாதை கிடையாது. அதனால் ஒட்டியது ஒட்டியபடியே போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலையில் ரொட்டி வாங்கப் போன ஜிங்கியைப் பெட்டிக்கடைக்காரப் பாசிங் அம்மாள் பிடித்துக்கொண்டார். அவர் அம்மாவின் உயிர்த் தோழி. ஜிங்கிக்கு ஞானஸ்நானத்தின்போது ஞானத்தாயாக நின்றவர். அதனால் அவள் அவரை நினாங் என்றுதான் கூப்பிடுவாள்.

"உங்கம்மா எனக்கு அனுப்பின துண்டைப் பாத்தியாடி? நீல நிறம்! என்ன கனம்கிற!" கடைக்கு வந்த எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார் நினாங். "கையில வாங்கினேன், தோளே இறங்கிப் போச்சு. நம்ம ஊர்லயும் விக்கறாங்களே துண்டு, கொசுவலை மாதிரி!"

"உபயோகிச்சுப் பாத்தீங்களா நினாங்?"

"ஐயோ! அதைப் போய் உபயோகிப்பாங்களா? பிரிக்கவே இல்ல. கண்ணாடி அலமாரியில வெச்சிருக்கேன்."

நினாங் வீட்டில் அப்படித்தான். சோபா வாங்கி ஏழெட்டு வருடமாகிறது. இன்னும் அதன் பிளாஸ்டிக் உறையைக் கழற்றவில்லை. அதில் உட்கார்ந்தால் சறுக்கிக்கொண்டு தரைக்கு வந்துவிடலாம்.

ஜிங்கி ரொட்டியோடு வீட்டுக்கு வந்தபோது அர்னெல் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். கம்ப்யூட்டர் உயிரோடுதான் இருந்தது. ஆனால் திரையில் எல்லாம் ஊதிப்போய், மங்கலாக, ஒன்றின்மேல் ஒன்று இடித்துக்கொண்டு நின்றன.

"என்னண்ணா, எல்லாத்துக்கும் அம்மை போட்டாப்பல வீங்கியிருக்கு?"

"போடி! டிரைவர் இல்ல. வரையற சாஃப்ட்வேரைத் திறந்தா, திரையில படம் காட்டற கிராபிக்ஸ் கார்டு எங்கேன்னு கேட்டுட்டு மூடிக்குது. கார்டோட டிரைவரை இறக்கிப் போட்டுப் பாத்தேன். அதுவும் போக மாட்டேங்குது."

அப்பா தலையை நீட்டினார். அவர் டிரைசைக்கிள் என்னும் மூன்று சக்கர வாடகை வண்டி ஓட்டுபவர். "டிரைவர் இல்லையா? நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கேனே!"

"அப்பா, இது வேற. கார்டு பேசறது கம்ப்யூட்டருக்குப் புரியணும்ல? நடுவுல இருந்து ரெண்டு பேருக்கும் எடுத்துச் சொல்ற புரோகிராம்தான் டிரைவர்."

"அப்ப எனக்கும் உங்கம்மாவுக்கும் நடுவுல நீ இருக்கற மாதிரி" என்றார் அப்பா. பிறகு மூக்கை உறிஞ்சினார். "ஆனா ஒண்ணு சொல்லணும். தோஹா கம்ப்யூட்டர்னா தோஹா கம்ப்யூட்டர்தான். என்னமா வாசம் வருது பாரு!"

உண்மைதான். கம்ப்யூட்டரின் ஃபேன் சுற்றச் சுற்ற அறை முழுவதும் மல்லிகை சோப்பு வாசம் வந்தது. ஜிங்கியும் மூச்சை இழுத்துப் பார்த்தாள். நல்ல வாசம்தான்.

"எந்தக் கார்டுக்கு டிரைவர் இறக்கினே?" என்று கேட்டாள்.

"இதோ, பெட்டி மேலயே ஒட்டியிருக்கே." அர்னெல் கம்ப்யூட்டரின் நெற்றியில் பளபளத்த பச்சை ஸ்டிக்கரைக் காட்டினான்.

"இது செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர்ண்ணா. ஸ்டிக்கரை யாரு எப்ப ஒட்டினாங்களோ! சட்டையைப் பாத்து ஆள் பேரைச் சொல்ல முடியுமா? கொஞ்சம் நகரு. அதையே கேப்போம்."

"எதை?"

"கம்ப்யூட்டரைத்தான்!"

ஜிங்கியின் பள்ளிக்கூடத்தில் பாதிக் கம்ப்யூட்டர்கள் எப்போதும் படுத்தே கிடக்கும். தேபென்சோர் டீச்சர், "நீங்களே எழுப்பிக்குங்க, எனக்கு இடுப்பு வலிக்குது" என்று பிள்ளைகளிடம் விட்டுவிடுவார். அதில் ஜிங்கிக்குக் கை நன்றாகப் பழகியிருந்தது.

கம்ப்யூட்டருக்குள் என்னென்ன உறுப்புகள் இருக்கின்றன என்று காட்டும் பக்கத்தை அவள் திறந்தாள். திரைக்குப் படம் தரும் உறுப்புகளுக்கு நேராக ஒரே ஒரு பெயர் இருந்தது. அதன் தலையில் மஞ்சள் முக்கோணம். அதன் விவரங்களுக்குள் புகுந்து, நீளமாக ஓர் எண்ணைக் கண்டுபிடித்தாள்.

"இதுல முதல் நாலு இருக்குல்ல, அது செஞ்சவங்க யாருன்னு சொல்லும். அடுத்த நாலு என்ன மாடல்னு சொல்லும். ஸ்டிக்கர் பொய் சொன்னாலும் இது சொல்லாது. எட்டு, பூஜ்யம், எட்டு, ஆறு. போன்ல போட்டுப் பாருண்ணா."

அர்னெல் பார்த்தான். அவன் முகம் மாறியது.

"இது கார்டு செய்யறவங்க நம்பர் இல்ல. கம்ப்யூட்டருக்கு மூளையா இருக்கற பிராசஸர் செய்யறவங்க நம்பர்."

"அப்ப இந்தப் படத்தைக் காட்டறது பிராசஸருக்குள்ள இருக்கற குட்டி சிப். வேற யாருமே இல்ல." ஜிங்கி மெதுவாகச் சொன்னாள். "அண்ணா, இதுல கார்டே இல்ல."

"வண்டியே இல்லாமலா இவ்வளவு நேரம் டிரைவரைத் தேடினீங்க?" என்றார் அப்பா. யாரும் சிரிக்கவில்லை.

அர்னெல் கம்ப்யூட்டரைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம், கார்டின் வாய் தெரிய வேண்டிய இடத்தில் நீளமாக ஓர் ஓட்டை இருந்தது. பல் விழுந்த இடம் மாதிரி இருந்தது.

"ஏமாத்திட்டான்" என்றான். அவன் குரல் உடைந்தது. "அம்மாகிட்ட வித்தவன் கார்டைக் கழட்டிக்கிட்டு வெறும் பெட்டியைக் குடுத்துட்டான். அவங்க ராத்திரி பகலா உழைச்சு வாங்கினது!"

அப்பாவின் முகமும் வாடிப்போயிற்று. "இதை உங்கம்மாகிட்ட மூச்சு விடக்கூடாது. கேட்டா, கம்ப்யூட்டர் சூப்பரா ஓடுதுன்னு சொல்லிடுங்க. தெரிஞ்சா மனசு உடைஞ்சிடுவா."

"அப்ப திங்கட்கிழமை?" என்றாள் ஜிங்கி.

அர்னெல் சுவர் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டான். வெளியே மேளம் மட்டும் தன் பாட்டுக்கு ஒலித்தது.

ஜிங்கி கம்ப்யூட்டர் முன்னால் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்தாள். இன்னொரு வருடம். இன்னொரு கிறிஸ்துமஸ். மூக்கை உறிஞ்சினாள். மல்லிகை வாசம் முன்பைவிடப் பலமாக அடித்தது.

மறுபடியும் உறிஞ்சினாள்.

"அண்ணா! கம்ப்யூட்டர்ல எங்கயாவது சோப்பு வாசம் வருமா?"

"பெட்டியில சோப்போட வந்துச்சு, அதான்" என்று சுவரைப் பார்த்தபடியே சொன்னான் அர்னெல்.

"வெளியில ஒட்டின வாசம்னா இந்நேரம் போயிருக்கும். இது ஃபேன் சுத்தச் சுத்த அதிகமாவுது. உள்ளேருந்துதான் வருது!"

அர்னெல் எழுந்து உட்கார்ந்தான். கம்ப்யூட்டரை நிறுத்தி, மின்சார வயரைப் பிடுங்கி, பக்கத்துத் தகட்டைக் கழற்றினார்கள்.

உள்ளே இரண்டு மல்லிகை சோப்புகள் இருந்தன. ஒரு மூலையில் சுருட்டி வைத்த காலுறைகள் இருந்தன. கீழே ஒரு சாக்லேட் உருகி, நசுங்கி, பார்க்கப் பரிதாபமாக இருந்தது.

"அம்மா!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டான் அர்னெல். "இதுக்குள்ளயுமா அடைப்பாங்க! தீப்பிடிச்சிருந்தா என்ன ஆகறது?"

"காத்துக்கு யாரு கப்பல் கூலி குடுக்கறது?" என்று அம்மா மாதிரியே சொன்னாள் ஜிங்கி. அப்பாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அர்னெல் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான். ஜிங்கி கழற்றிய தகட்டைத் திருப்பிப் பார்த்தாள். தகட்டின் உட்புறம் சின்னப் பிளாஸ்டிக் பை ஒன்று டேப் போட்டு ஒட்டியிருந்தது. பையில் ஒரே ஒரு குட்டி ஸ்க்ரூ இருந்தது.

"இது கார்டைப் பிடிச்சிருக்கற ஸ்க்ரூ" என்றான் அர்னெல்.

"ஏமாத்தறவன் கார்டைத் தூக்கிட்டுப் போயிட்டு, ஸ்க்ரூவை இவ்வளவு பத்திரமா ஒட்டி வெப்பானாண்ணா? இது அம்மா போட்ட டேப். முனையை மடிச்சு விட்டிருக்காங்க பாரு, உரிக்க சுலபமா இருக்கட்டும்னு."

மூன்று பேரும் அந்த டேப்பின் முனையைப் பார்த்தார்கள். அம்மா எப்போதும் அப்படித்தான் மடித்து விடுவார்.

"யாரும் ஏமாத்தல" என்றாள் ஜிங்கி. அவள் கண் பளிச்சென்று ஆயிற்று. "கப்பல்ல ஆடி உடைஞ்சிடும்னு அம்மாவே கழட்டி வெச்சிருக்காங்க. கார்டு நம்ம பெட்டியிலதான் வந்திருக்கு!"

"பெட்டியைத்தான் கவுத்துக் கொட்டிட்டோமே!" என்றான் அர்னெல்.

"உடையற சாமானை அம்மா எதுல சுத்துவாங்க?"

"போன தடவை கண்ணாடி டம்ளர் துண்டுல சுருட்டி வந்துச்சு" என்றார் அப்பா.

வீட்டுக்கு வந்த துண்டுகளை எல்லாம் உதறிப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. கடைசித் துண்டை உதறிக்கொண்டிருந்த ஜிங்கி அப்படியே நின்றுவிட்டாள். கையில் வாங்கினேன், தோளே இறங்கிப் போச்சு!

"நினாங் வீட்டுல!" என்று கத்தினாள். "கண்ணாடி அலமாரியில! துண்டு எங்கயாவது அவ்வளவு கனமா இருக்குமா? கனக்கறது துண்டு இல்ல, கார்டு!"

அர்னெல் செருப்பைத் தேடினான். அப்பாவோ இரண்டு கைகளையும் விரித்து வாசலை மறித்தார்.

"நில்லுங்க! குடுத்த பொருளைத் திருப்பிக் கேக்கப் போறீங்களா? தெரு பூரா சொல்லிட்டு இருக்கா அந்தம்மா, துண்டு கனம், துண்டு கனம்னு! இப்ப போய், கனம் எங்களோடது, துண்டு மட்டும் உங்களோடதுன்னு சொன்னா? என் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெச்சுக்குவேன்?"

"அப்ப நீங்களே பக்குவமா கேளுங்கப்பா" என்றான் அர்னெல்.

"எனக்கு ஒரு சவாரி இருக்கு" என்று சொல்லி, அப்பா டிரைசைக்கிளை எடுத்துக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடிவிட்டார்.

போகிற வழியில் அர்னெல் ஒரு யோசனை சொன்னான். "துண்டுக்குள்ள கரப்பான் பூச்சி போறதைப் பாத்தேன்னு சொல்லிடு. அவங்களே பிரிச்சிடுவாங்க."

"அம்மா அனுப்பின துண்டுல கரப்பான் பூச்சின்னா சொல்றது? போண்ணா!"

நினாங் கடையை மூடிவிட்டு வீட்டில் காற்றாட உட்கார்ந்திருந்தார். இருவரையும் பிளாஸ்டிக் சோபாவில் உட்கார வைத்து, சாப்பிட வாழைப்பழ வறுவல் கொடுத்தார். அர்னெல் சறுக்காமல் இருப்பதற்காகக் காலைத் தரையில் ஊன்றிக்கொண்டான். எப்படித் தொடங்குவது என்று இருவருக்கும் தெரியவில்லை.

கண்ணாடிக்குப் பின்னால் நீலத் துண்டு இருந்தது. சுருட்டி, டேப் போட்டு, அம்மாவின் உருண்டை எழுத்தில் 'என் பாசிங்குக்கு' என்று எழுதியிருந்தது. ஜிங்கி எழுந்து போய் அலமாரி முன்னால் நின்றாள். டேப்பின் முனையை அம்மா மடித்து விட்டிருந்தார். அதைப் பார்த்ததும் அவளுக்குக் கார்டு மறந்துவிட்டது.

"நினாங், அதை ஒரே ஒரு தடவை மோந்து பாக்கட்டுமா?"

"எதைடி?"

"துண்டைத்தான். எங்களுக்கு வந்ததையெல்லாம் அப்பா பிரிச்சு வெளியில போட்டுட்டாரு. மீன் பொரிச்ச வாசம்தான் வருது. இது இன்னும் அம்மா கட்டினபடியே இருக்கு."

நினாங் வறுவல் தட்டைக் கீழே வைத்தார். எழுந்து வந்தார். அலமாரியைத் திறந்தார். துண்டை எடுத்தவர், கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சுருட்டி வெச்சு மோந்தா என்னடி தெரியும்?" என்று சொல்லி, டேப்பைத் தானே உரித்தார். எதையுமே பிரிக்காத நினாங் பிரித்தார்!

"நினாங், இருங்க!" ஜிங்கிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. இரண்டு கைகளையும் துண்டுக்கு அடியில் நீட்டினாள். "மெதுவா! உள்ள வேற ஒண்ணும் இருக்குன்னு நினைக்கிறேன். அதைக் கேக்கத்தான் வந்தோம். கேக்க வெக்கமா இருந்துச்சு."

துண்டு உருண்டு விரிந்தது. உள்ளே ஒரு காலுறை. காலுறைக்குள் இரண்டு குட்டி ஃபேன்களோடு கறுப்பாக, கனமாக ஒன்று. அர்னெல் எழுந்த வேகத்தில் சோபாவிலிருந்து சறுக்கித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"கிராபிக்ஸ் கார்டு!"

நினாங் கார்டைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த துண்டைத் தூக்கிப் பார்த்தார். இப்போது அது எல்லாத் துண்டையும் போலத்தான் கனத்தது.

"ஓஹோ. அதான் கனமா?" என்றார் சின்னக் குரலில். "நான் தெரு பூரா சொல்லிட்டேனே."

அவர் முகம் சுருங்கிப் போனதைப் பார்க்க ஜிங்கிக்குக் கஷ்டமாக இருந்தது.

"நினாங், எங்களுக்கும் துண்டு வந்துச்சு தெரியுமா? அதுல எல்லாம் அம்மா இதை வெக்கல. அந்தப் பெட்டியிலேயே உடையவே கூடாத பொருள் இதுதான். இதுக்காகத்தான் அவங்க கிறிஸ்துமஸுக்கு வரல. இதைப் போய் உங்க துண்டுல வெச்சிருக்காங்கன்னா, இருந்ததுலயே மெத்துன்னு இருக்கற துண்டு இதுதானே?"

நினாங் துண்டை மறுபடியும் தடவிப் பார்த்தார். கன்னத்தில் வைத்துப் பார்த்தார். முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"நானும் அதைத்தானே நேத்திலேருந்து சொல்றேன்! வாங்கடா, அந்தக் கார்டு என்ன பண்ணுதுன்னு நானும் பாக்கணும்" என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

அர்னெல் கார்டை அதன் இடத்தில் வைத்து அழுத்தினான். டக் என்று உட்கார்ந்தது. அம்மா பத்திரமாக அனுப்பிய குட்டி ஸ்க்ரூவை ஜிங்கி முடுக்கினாள். பொத்தானை அழுத்தினார்கள். ஃபேன்கள் சுற்றின. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

"போச்சு" என்றார் நினாங்.

"போகல. மானிட்டர் வயரு இன்னும் பழைய ஓட்டையிலேயே இருக்கு" என்றாள் ஜிங்கி. வயரைப் பிடுங்கி, கார்டின் வாயில் செருகினாள். திரை விழித்துக்கொண்டது. ஆனால் எல்லாம் இன்னும் ஊதிப்போய்த்தான் இருந்தன.

"இப்ப வண்டி வந்தாச்சு. இனிமேதான் டிரைவர்." அர்னெல் ஸ்டிக்கரில் இருந்த பெயருக்கு இறக்கி வைத்திருந்த டிரைவரைப் போடப் போனான்.

"மறுபடியும் சட்டையைப் பாக்கறியே!" என்று அவன் கையில் ஒன்று போட்டாள் ஜிங்கி. முன்பு திறந்த அதே பக்கத்தைத் திறந்தாள். இப்போது எண் வேறாக இருந்தது. "முதல் நாலு கார்டு செய்யறவங்களோடது. அடுத்த நாலு... ஒண்ணு, சி, எட்டு, ரெண்டு."

அர்னெல் போனில் தேடினான். ஸ்டிக்கரில் இருந்த பெயருக்கு இது ஒரு படி தம்பி. பழைய சொந்தக்காரர் எப்போதோ கார்டை மாற்றியிருக்கிறார், ஸ்டிக்கரை மாற்றவில்லை.

"தம்பி போதுமா உன் வீட்டுக்கு?" என்று கேட்டார் நினாங், எல்லாம் புரிந்தவர் போல.

"தாராளமா போதும் நினாங்!"

சரியான டிரைவரை இறக்கிப் போட்டார்கள். பச்சைக் கோடு நகர்ந்தது. திரை திடீரென்று அணைந்தது. ஜிங்கி நினாங்கின் கையைப் பிடித்துக்கொண்டாள். திரை மறுபடியும் வந்தது. எழுத்தெல்லாம் கூர்மையாக, நிறமெல்லாம் பளிச்சென்று, எல்லாம் அதனதன் இடத்தில் நின்றன.

"அம்மை இறங்கிடுச்சு!" என்று கைதட்டினாள் ஜிங்கி.

அர்னெல் பென் டிரைவைச் செருகினான். கூரை இல்லாத அவன் வீடு திரையில் எழுந்து நின்று, சொன்னபடியெல்லாம் திரும்பியது. அவன் மூக்கை உறிஞ்சினான். சோப்பு வாசத்துக்காக இல்லை.

அந்த நேரம் பார்த்து, சவாரி முடிந்ததோ இல்லையோ, அப்பா மெதுவாகத் தலையை நீட்டினார். நினாங்கைக் கண்டதும் தலையை இழுத்துக்கொண்டார்.

"வாய்யா நெஸ்தர், உள்ள வா! பிள்ளைங்க எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. உன் மூஞ்சி உன் கழுத்து மேலயேதான் இருக்கு" என்றார் நினாங்.

எல்லாரும் சேர்ந்து அம்மாவைக் கூப்பிட்டார்கள். தோஹாவில் குழந்தைகள் மதியத் தூக்கம் போடும் நேரம். மேளக்காரப் பையன்களும் சாப்பிடப் போயிருந்தார்கள். அம்மாவின் முகம் அசைந்தது, குரலும் தெளிவாக வந்தது.

"கம்ப்யூட்டர் எப்படி இருக்கு? நேத்தே எல்லாம் சொன்னேனே, அதே மாதிரி செஞ்சீங்கல்ல?"

"நேத்து என்னம்மா சொன்னீங்க?"

"என்னடி இது! கார்டு நீலத் துண்டுல இருக்கு, அதை எடுத்துக்கிட்டு துண்டை பாசிங்கிட்ட குடுங்கன்னேன். கம்ப்யூட்டருக்குள்ள சோப்பு இருக்கு, எடுக்காம ஓட்டாதீங்கன்னேன். உங்கப்பா ஆமா ஆமாங்கறாரு! உங்கண்ணன் சரிம்மா சரிம்மாங்கறான்!"

அப்பா கூரையைப் பார்த்தார். அர்னெல் தரையைப் பார்த்தான். ஜிங்கி நடந்த கதையை மறைக்காமல் முழுவதும் சொன்னாள். ஏமாந்துவிட்டோம் என்று பயந்ததையும் சொன்னாள். கேட்டுக் கேட்டு அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்த பிறகும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஜூன் மாசம் வந்துடறேண்டா கண்ணு" என்றார்.

அர்னெல் அன்று உட்கார்ந்தவன் ஞாயிற்றுக்கிழமை மாலைதான் எழுந்தான். வீட்டுக்குக் கூரை போட்டான், ஜன்னல் வைத்தான், வாசலில் ஒரு டிரைசைக்கிள்கூட நிறுத்தினான். திங்கட்கிழமை கல்லூரியில் கொடுத்துவிட்டு வந்து, "கூரை பிரமாதம்னு சொன்னாங்க" என்று சொன்னான்.

அதற்குள் தெருவில் செய்தி மாறியிருந்தது. "அந்தக் கம்ப்யூட்டர் கார்டு தோஹாவுலேருந்து ஒரு கீறல்கூட இல்லாம வந்துச்சே, யாரு துண்டுல வந்துச்சு? என் துண்டுல!" என்று ரொட்டி வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார் நினாங்.

சாயங்காலம் அவர் ஜிங்கியின் வீட்டுக்கு வந்தார். தோளில் இருந்த நீலத் துண்டை எடுத்து, அணைத்து வைத்திருந்த கம்ப்யூட்டரின் மேல் போர்த்தினார்.

"தூசு படியாம இருக்கட்டும். ஆனா இது என்னோட துண்டு, ஞாபகம் இருக்கட்டும்! உங்கம்மா வர்ற வரைக்கும்தான்."

"அம்மா வந்தப்புறம்?"

"அவளே வந்தப்புறம் உனக்கு இது எதுக்குடி?" என்று ஜிங்கியின் தலையைக் கலைத்துவிட்டு நினாங் போய்விட்டார்.

தினமும் மாலையில் அர்னெல் கம்ப்யூட்டரை நிறுத்தியதும், சூடு ஆறட்டும் என்று ஜிங்கி கொஞ்ச நேரம் காத்திருப்பாள். பிறகு துண்டைப் போர்த்திவிட்டு, அதன்மேல் முகத்தைப் பதித்துக்கொள்வாள். கேட்டால், தூசு இருக்கிறதா என்று பார்த்தேன் என்பாள்.